சுகுணா அக்கா திரும்பப் பெற்ற திருத்தம்

"தம்பி, நான் ஒடச்சிட்டேன்."

வடசென்னை டோல்கேட்டில் எங்கள் வகுப்பு நடக்கும் டியூஷன் சென்டர் வாசலில், செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றுகொண்டு சுகுணா அக்கா இதைச் சொன்னார். கையில் ஒரு கறுப்புக் கேபிள். வியர்வையில் முந்தானை தோளோடு ஒட்டிக் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை. கீழே பிரியாணிக் கடையில் அண்டாவைத் திறந்திருக்க வேண்டும், வாசனை மாடிப்படி ஏறி வந்துகொண்டிருந்தது.

நான் கேபிளைப் பார்த்தேன். உடைந்த மாதிரி தெரியவில்லை.

"கேபிளு போனா போவுதுக்கா. பர்மா பஜார்ல வேற வாங்கிக்கலாம். அதுக்கா இப்டி மூச்சு வாங்கிகினு ஓடி வந்தீங்க?"

"கேபிளு இல்ல தம்பி. கெர்னல ஒடச்சிட்டேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. மறுநாள் திங்கட்கிழமை அவருக்கு ஓ.எம்.ஆரில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் நேர்முகத் தேர்வு. அந்த வேலைக்காக அவர் காட்டப்போவது ஒன்றே ஒன்றுதான்: கெர்னலில் அவர் பெயரில் ஏறிய அந்த ஒரு சின்னத் திருத்தம். அதைத்தான் உடைத்துவிட்டேன் என்று சொல்கிறார்.

கொஞ்சம் பின்னால் போவோம்

போன வாரம் இந்தத் தொடரில் ‘கெர்னல்’ என்று ஏழெட்டு இடத்தில் எழுதிவிட்டு, அது என்னவென்று சொல்லாமலே போய்விட்டேனாம். எண்ணூரிலிருந்து ஒரு வாசகர் போனில் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார். நியாயம்தான்.

கணினியில் நீங்கள் பார்ப்பதெல்லாம் மேலே இருப்பவை. அதற்கெல்லாம் அடியில் ஒரு நிரல் ஓடுகிறது. விசைப்பலகையில் தட்டியதை வாங்கி உள்ளே கொடுப்பதும், கேபிள் வழியாக வரும் எண்ணைத் திரைக்கு அனுப்புவதும் அதுதான். அதன் பெயர் கெர்னல். லினக்ஸ் கெர்னல் உங்கள் போனிலும் இருக்கலாம், வங்கியிலும் இருக்கலாம், துறைமுகத்தில் நிற்கும் கப்பலிலும் இருக்கலாம். இவ்வளவு பெரிய சமாச்சாரத்தை யாரும் பூட்டி வைக்கவில்லை என்பதுதான் இதில் விசேஷம். உலகத்தில் யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம். தப்பு இருந்தால் திருத்தி, எல்லோரும் பார்க்கும் ஒரு பொது மெயில் குழுவுக்கு அனுப்பலாம். சரியாக இருந்தால் சேர்த்துக்கொள்வார்கள்.

இந்த வேலையைத்தான் பல வருஷமாகச் செய்கிறேன். ராயபுரத்து வீட்டு மாடியில் உட்கார்ந்து செய்கிறேன். ஒரு முறை ஓ.எம்.ஆர். பக்கம் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தபோது, "ராயபுரமா? அந்தப் பக்கமெல்லாம் சாஃப்ட்வேர் ஆளுங்க இருக்காங்களா?" என்று ஒருவர் கேட்டுவிட்டுச் சிரித்தார். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். அங்கேயே ஏதாவது சொல்லியிருப்பேன், வாயில் சமோசா இருந்தது. வீட்டுக்கு வந்து, இருக்காங்களா இல்லையா என்று பார்த்துவிடுவோம் என்று ஆரம்பித்ததுதான் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு.

மூன்றாம் வகுப்பு பெஞ்சு

இடம் கொடுத்தவர் டியூஷன் சென்டர்க்காரர். ஞாயிறு காலை காலியாகத்தான் கிடக்கும், எடுத்துக்கோ என்றார். பெஞ்சுகள் எல்லாம் சின்னப் பிள்ளைகளுக்குச் செய்தவை. உட்கார்ந்தால் முட்டி மோவாயில் இடிக்கும். சுவரில் வாய்ப்பாடு. ஜன்னலுக்கு வெளியே மெட்ரோ போனால் பேச்சை நிறுத்திவிட்டுத் தொடர வேண்டும். மணலி எண்ணெய் ஆலைப் பக்கத்துக் காற்று திரும்பினால் ஜன்னலையே சாத்த வேண்டும்.

முதல் வாரம் கூட்டம் அலைமோதியது. பாதிப் பேர் அடுத்தவன் போனை ஹேக் பண்ணச் சொல்லித் தருவேன் என்று நினைத்து வந்தவர்கள். மீதிப் பேர் எத்தனை வாரத்தில் வேலை கிடைக்கும் என்று கேட்டவர்கள். இரண்டு மாதத்தில் கூட்டம் வடிந்து, விடாமல் வந்தவர்கள் இரண்டே பேர்தான்.

ஒருவர் தங்கராஜ் அண்ணாச்சி. தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். வண்ணாரப்பேட்டையில் பைப் மொத்தக் கடை. கடையை மகன்கள் கையில் கொடுத்துவிட்டு, "மூளை துருப்பிடிச்சிரக் கூடாதுல்லா" என்று வந்து சேர்ந்தார். தினமும் கொஞ்சம் படிப்பார், எழுத மாட்டார். "வாங்குதவன் வாங்கட்டும், நான் சும்மா சரக்கப் பாத்துட்டுப் போறேன்" என்பார்.

இன்னொருவர் சுகுணா அக்கா. என்னைவிட மூத்தவர். எம்.கே.பி. நகர். எப்போதோ மாலைநேரக் கல்லூரியில் கம்ப்யூட்டர் படித்தவர். பார்த்துக்கொண்டிருந்த வேலை, மணலி சாலையில் ஒரு கன்டெய்னர் யார்டில் எடை மேடை. லாரி மேடை மேல் ஏறி நிற்கும், திரையில் எடை வரும், இவர் சீட்டு அடித்துக் கொடுப்பார். நாள் முழுக்கத் தூசி, டீசல் புகை, ஹாரன்.

வகுப்புக்கு ஏன் வந்தீர்கள் என்று கேட்டேன்.

"அந்த நம்பரு எப்டி வருதுன்னு சர்வீஸ் பையன கேட்டேன். அத்தெல்லாம் உள்ள கீதுக்கான்னுட்டு போயிகினே கீறான். உள்ளன்னா எங்க? அத்த பாக்கத்தான் வந்தேன்."

இவங்கல்லாம் உயிரோட கீறாங்களா?

எடை எண்ணைக் கொண்டுவரும் கேபிளுக்கு கெர்னலில் தனியாக ஒரு நிரல் உண்டு. அதைத் திறந்து காட்டிய நாளை மறக்க மாட்டேன். அக்கா திரைக்கு ஒரு சாண் தூரத்தில் முகத்தை வைத்துக்கொண்டு படித்தார்.

"இத்த யார் வோணா படிக்கலாமா?"

"படிக்கலாம்."

"மாத்தலாமா?"

"மாத்தலாம். ஏன் மாத்துறீங்கன்னு ஊரறிய சொல்லணும். அவ்ளோதான்."

ஒவ்வொரு வரியையும் யார் எழுதினார்கள் என்ற வரலாற்றைக் காட்டினேன். எந்தெந்த நாட்டுக்காரர்களோ. வாயில் நுழையாத பெயர்கள். அக்கா ஒவ்வொன்றாக விரல் வைத்துக்கொண்டே போனவர் சட்டென்று நின்றார்.

"இவங்கல்லாம் உயிரோட கீறாங்களா தம்பி?"

எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை. சிலர் இருக்க மாட்டார்கள்தான்.

"மூலக்கொத்தளம் சுடுகாட்டுல கல்லுல பேர் வெட்டி வெப்பாங்க. எங்க நைனாவுக்கும் வெச்சோம். அதுவே நாலு மழைக்கு மங்கிப்போச்சு. இது அழியாதா?"

"அழியாதுக்கா. தப்பா எழுதினாலும் அழியாது. திருத்தலாம், மறைக்க முடியாது."

அன்று நான் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அந்தப் பெயர்களை நினைத்துக்கொண்டு போனேன். முகம் தெரியாத எத்தனை பேர் வேலை மெனக்கெட்டு எழுதி, யாரோ ஒருவர் பயன்படுத்தட்டும் என்று விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்! தினம் பார்க்கிற எனக்கு இதன் பிரமிப்பு மரத்துப்போயிருந்தது. அக்கா கேட்ட பிறகுதான் திரும்ப உறைத்தது.

காரணம் எழுதாத காத்திருப்பு

புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. பழைய நிரலில் ஏன் இருக்கிறது என்று தெரியாத வரி ஒன்றைக் கண்டால் கை அரிக்கும். எடுத்துவிட்டால் சுத்தமாகுமே என்று தோன்றும்.

அந்தக் கேபிள் நிரலில் அப்படி ஒரு வரி இருந்தது. இணைப்பைத் திறந்ததும் ஒரு கண நேரம் சும்மா காத்திரு, பிறகு எண்களை வாங்கு என்று சொல்லும் வரி. ஏன் காத்திருக்க வேண்டும் என்று பக்கத்தில் ஒரு குறிப்பும் இல்லை. வரலாற்றிலும் இல்லை. கேபிளுக்குள் இருக்கும் சிப்பின் கையேட்டைப் புரட்டினோம், தேவையே இல்லை என்றது. அக்கா அதை எடுத்துப் பார்த்தார். சொந்தமாக வாங்கி வைத்திருந்த கேபிளில் சோதித்தார். முன்பைவிடச் சுறுசுறுப்பாக ஓடியது.

மெயில் குழுவுக்கு அனுப்பினோம். அந்த நிரலுக்குப் பொறுப்பாளர் ஒருவர் இருக்கிறார், ஏதோ ஒரு குளிர்நாட்டுக்காரர். அவரிடமிருந்து ஒரு பக்கத்துக்குப் பதில் வந்தது. இந்த வாக்கியத்தை இப்படி மாற்றுங்கள், எந்தக் கேபிளில் சோதித்தீர்கள் என்று சேருங்கள் என்று அவ்வளவு பொறுமையாக எழுதியிருந்தார். "எவ்ளோ பெரிய ஆளு! எனக்கு குந்திகினு எழுதியிருக்காரே!" என்று அக்கா அதை நாலைந்து முறை படித்தார். எம்.கே.பி. நகர் வீட்டில், புத்தர் படத்துக்குக் கீழே மடிக்கணினியை வைத்துக்கொண்டு வாரம் முழுக்கத் திருத்தினார். கடைசியில் சேர்த்துக்கொண்டார்கள். யார்டு முழுக்க டீயும் சமோசாவும் அக்கா செலவு.

அதை வைத்துத்தான் ஓ.எம்.ஆர். கம்பெனிக்கு விண்ணப்பம் போட்டோம். கூப்பிட்டும் விட்டார்கள். தூசியும் டீசல் புகையும் இல்லாத ஒரு வேலை, தனக்குப் பிடித்த வேலை. "கெடச்சா போதும் தம்பி, வேற ஒண்ணியும் வோணாம்" என்று மட்டும் சொன்னார்.

இரண்டு டன் கன்டெய்னர்

இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

முந்தின நாள் சனிக்கிழமை. தன் திருத்தம் தான் வேலை பார்க்கிற இடத்தில் ஓடுவதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று அக்காவுக்கு ஆசை. யாருக்குத்தான் இருக்காது? புது கெர்னல் போட்ட தன் மடிக்கணினியை யார்டுக்கு எடுத்துப் போய், எடை மேடையின் கேபிளைக் கழற்றி அதில் சொருகினார். இரும்பு ஏற்றிய கன்டெய்னர் லாரி ஒன்று மேடையில் ஏறியது. முப்பத்திரண்டு டன்னுக்குக் குறையாது. திரையில் வந்தது இரண்டு டன் சொச்சம்.

"இன்னாக்கா, என் வண்டில பஞ்சு மூட்டையா ஏத்திகினு வந்தேன்?" என்று லாரி டிரைவர் சிரித்தாராம்.

முதல் இலக்கம் விழுந்துவிட்டது. முப்பத்திரண்டில் மூன்றைக் காணோம். அக்கா அடுத்த லாரியில் பார்த்தார், அதற்கடுத்த லாரியில் பார்த்தார். எல்லாவற்றிலும் முதல் எண் காணாமல் போனது. தான் எடுத்த அந்த ஒரு வரியைத் திரும்பப் போட்டார். சரியாக வந்தது.

எடை மேடையில் இருந்தது மலிவான கேபிள். அதற்கு விழித்துக்கொள்ளக் கொஞ்ச நேரம் வேண்டும். அதற்காகத்தான் எவரோ ஒரு புண்ணியவான் அந்தக் காத்திருப்பை வைத்திருக்கிறார். காரணத்தைத்தான் எழுதாமல் போய்விட்டார்.

"இத மாதிரி கேபிளு ஊர் ஒலகத்துல எத்தினி கீதோ. ஆஸ்பத்திரில இருந்தா?" என்று கேட்டுவிட்டு, அக்கா முட்டி இடிக்கிற பெஞ்சில் உட்கார்ந்தார்.

அண்ணாச்சி சொன்ன வழி

அண்ணாச்சி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, ஒரே ஒரு கேள்வி கேட்டார். "இது எல்லார் கையிலயும் போய்ச் சேந்துட்டா?"

இல்லை என்றேன். புதுக் கெர்னல் இன்னும் சோதனையில்தான் இருந்தது. வெளியாகச் சில வாரம் ஆகும்.

"பொறவு என்ன? சரக்கு இன்னும் கடையை விட்டுப் போகல. நாளைக்கு இன்டர்வியூவ முடிச்சிட்டு வந்து சாயந்திரமா எழுதிப் போடுங்க. ஒரு நாளுல என்ன குடி முழுகிரும்? வேலை தேடிப் போற அன்னைக்கா போயி, நான் செஞ்சது தப்புன்னு தண்டோரா போடுவாங்க?"

அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. ஒரு நாளில் யாருக்கும் நஷ்டம் இல்லை. எனக்கும் அப்படித்தான் பட்டது, அக்காவிடம் சொல்லவும் சொன்னேன்.

அக்கா கேபிளைச் சுற்றிப் பையில் வைத்தார். "நாளைக்கு அவங்க என்னாண்ட கேப்பாங்க, இந்த திருத்தம் ஒழுங்கா வேல செய்யுதான்னு. இன்னா சொல்றது?"

"செய்யுதுன்னு சொல்லுங்க. ஒங்க கேபிள்ல செய்யுதுல்லா?"

"என் வாயில வராது அண்ணாச்சி. தெரியாதப்போ சொன்னது வேற."

அவ்வளவுதான். மடிக்கணினியைத் திறந்து எழுத ஆரம்பித்துவிட்டார். கெர்னல் வழக்கப்படி, சேர்த்த திருத்தத்தைத் திரும்பப் பெற வேண்டுமானால் அதற்கும் ஊரறிய ஒரு மெயில் அனுப்ப வேண்டும். ஏன் என்று காரணம் எழுத வேண்டும். கீழே பெயர் போட வேண்டும். இரண்டுமே வரலாற்றில் நிற்கும்.

அவருடைய இங்கிலீஷ் சின்னச் சின்ன வாக்கியமாக இருக்கும். முதல் வரியே, ‘இது என் திருத்தம். இது தப்பு’ என்று இருந்தது.

எனக்குப் பொறுக்கவில்லை. "தப்புன்னு வோணாம்க்கா. எதிர்பாராத விளைவுன்னு போடலாமே."

"ஏன், தப்புன்னா அவங்களுக்கு புரியாதா?"

‘தப்பு’ அப்படியே நின்றது. லாரியில் என்ன எடை இருந்தது, திரையில் என்ன வந்தது, எந்தக் கேபிள், வரியைத் திரும்பப் போட்டதும் என்ன ஆனது என்று எல்லாவற்றையும் எழுதினார். அனுப்பு என்று தட்டினார்.

பெரிய பெரிய கம்பெனிகளில் வேலை பார்த்திருக்கிறேன். தப்பை அடுத்தவன் தலையில் தள்ளுவதற்கென்றே மீட்டிங் போடும் ஆட்களைப் பார்த்திருக்கிறேன். தனக்கென்று இருந்த ஒன்றையும் தன் கையாலேயே எடுத்துப் போட்டுவிட்டு, மறுநாள் அந்த வெறுங்கையோடு போய் நிற்கப்போகும் ஒரு ஆளை நான் அதுவரை பார்த்ததில்லை.

கேபிளுக்குத் தெரியாதே

திங்கட்கிழமை அவர் ஓ.எம்.ஆர். போய்ச் சேர்வதற்குள் பொறுப்பாளர் அதை ஏற்றுக்கொண்டுவிட்டார். நேர்முகத்தில் கேள்வி கேட்டவர் கார்த்திக் என்று ஒரு இளைஞர். அக்காவின் பெயரைத் தேடித் திறந்தால், மேலேயே இருந்தது திருத்தத்தைத் திரும்பப் பெறும் அந்த மெயில்.

"இது நேத்து அனுப்பினதா?"

"ஆமா சார்."

"இன்னிக்கு இன்டர்வியூன்னு தெரிஞ்சுமா?"

"கேபிளுக்கு இன்டர்வியூ தெரியாதே சார்."

கார்த்திக் சிரித்தாராம். நிறையப் பேசினாராம். அக்கா நம்பிக்கையோடுதான் திரும்பி வந்தார். இரண்டு வாரம் கழித்து, அனுபவம் போதாது என்று மெயில் வந்தது.

நான் அன்றைக்கு என்னவெல்லாம் பேசினேன் என்பதை இங்கே எழுத முடியாது, இது வீட்டில் எல்லோரும் படிக்கிற பத்திரிகை. அக்கா வகுப்பில் உட்கார்ந்து அழுதார். வாய்விட்டு அழுதார். "ஏமாந்து போய்ட்டேன் தம்பி, கெடச்சிரும்னு நெனச்சிகினு இருந்தேன்" என்றார். அண்ணாச்சி கீழே போய் டீ வாங்கி வந்தார். நான் சொன்னபடி கேட்டிருக்கலாமே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை, மனுஷன். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு திங்கட்கிழமை எடை மேடைக்குப் போனார்.

ஒரு கேபிள், ஒரு பெயர்

அந்த வாரமே பொறுப்பாளரிடமிருந்து இன்னொரு மெயில். அந்தக் காத்திருப்பு எதற்காக என்று பக்கத்தில் நீங்களே ஒரு குறிப்பு எழுதிவிடுங்கள், இனிமேல் யாரும் எடுக்க மாட்டார்கள் என்று கேட்டிருந்தார். கீழே இன்னொரு கேள்வி. ‘உங்கள் எடை மேடையில் இருப்பது போன்ற கேபிள் என்னிடம் இல்லை. இந்த நிரலில் யார் எதை மாற்றினாலும் அதைச் சோதித்துச் சொல்லும் பொறுப்பை ஏற்றுக்கொள்வீர்களா?’

கெர்னலில் ஒவ்வொரு பகுதிக்கும் யாரைக் கேட்க வேண்டும் என்று ஒரு பெயர் வரிசை உண்டு. உலகத்தின் எந்த மூலையிலிருந்து அந்த நிரலைத் தொட்டாலும் அந்தப் பெயர்களுக்கு மெயில் அனுப்ப வேண்டும் என்பது வழக்கம். சரியென்றால் அக்கா பெயரும் அதில் ஏறும்.

"எம்.கே.பி. நகர்ல குந்திகினேவா?" என்றார் அக்கா.

"எங்க குந்தினா இன்னாக்கா?"

"சம்பளம் எவ்வளவு?" என்றார் அண்ணாச்சி. கிடையாது என்றேன். "பொறவு எதுக்கு இந்த ரோதனை?" என்று தலையில் அடித்துக்கொண்டார். அக்கா சரியென்று எழுதிவிட்டார்.

மழைக்காலம் முடிந்திருந்த சமயம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. அக்கா மடிக்கணினியை என் பக்கம் திருப்பினார். அந்தக் கேபிள் நிரலுக்கு யாரோ ஒரு திருத்தம் அனுப்பியிருக்கிறார்கள். அனுப்பியது அதே ஓ.எம்.ஆர். கம்பெனி. எழுதியவர் அதே கார்த்திக். அவர்கள் செய்யும் கருவியிலும் இதே சிப்தானாம். அவசரமாகச் சேர்க்க வேண்டுமாம். அக்கா சோதித்துச் சொல்ல வேண்டும்.

அண்ணாச்சிக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே! "கிடப்புல போடுங்கம்மா. மெயிலே பாக்கலன்னு சொல்லுங்க. ஒரு மாசம் தவிக்கட்டும் பய."

நான் வேறு வழியில் போனேன். ஒரு குற்றமாவது அகப்படாதா என்று வரிவரியாகத் துழாவினேன். ஒன்றும் அகப்படவில்லை. பாவி நன்றாகவே எழுதியிருந்தான்.

அக்கா அந்த வாரம் அதை யார்டுக்கு எடுத்துப் போனார். ஏற்றிய லாரி, வெறும் லாரி எல்லாவற்றிலும் சோதித்தார். அடுத்த ஞாயிறு வந்து, ‘எடை மேடையில் பார்த்தேன், முதல் எண் விழவில்லை, சேர்த்துக்கொள்ளலாம்’ என்று எழுதிக் கீழே தன் பெயரைப் போட்டு அனுப்பினார்.

நாங்கள் டீ குடித்து முடிப்பதற்குள் கார்த்திக்கிடமிருந்து அக்காவுக்கு மட்டும் தனியாக ஒரு மெயில். ‘தவறாக நினைக்க வேண்டாம். எங்கள் ஆபீசுக்கு நேர்முகத்துக்கு வந்த சுகுணா நீங்கள்தானா?’

"இப்பயாவது நல்லா நாலு கேள்வி கேளுங்கம்மா" என்றார் அண்ணாச்சி. எனக்கும் அதேதான் ஆசை.

அக்கா ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார். நானும் அண்ணாச்சியும் அவர் தோளுக்குப் பின்னால் நின்று படித்தோம்.

‘ஆமாம், நான்தான். உங்கள் திருத்தம் நன்றாக இருந்தது. உங்களிடம் இல்லாத கேபிள் என்னிடம் இருக்கிறது. அடுத்த முறை அனுப்பும் முன்பே சொல்லுங்கள், நான் சோதித்துத் தருகிறேன்.’